பட்டன் கட்டிய சாவிகள்

என் மனைவி இறந்த இரண்டாவது வாரம், அவள் பொறுப்பில் இருந்த இருபத்து மூன்று சாவிகளையும் மண்ணெண்ணெயில் ஊறப் போட்டேன். துருப்பிடித்த சாவியைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வீட்டுக்கு அழகில்லை என்று நினைத்தேன். தப்பு அங்கேதான் தொடங்கியது.

அவை தெருக்காரர்களின் வீட்டுச் சாவிகள். பதினேழு வருடங்களுக்கு முன்பு, தெருக்கோடியில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். ஆள் கத்துவது யாருக்கும் கேட்கவில்லை. கேட்டு, கதவை உடைத்து, வெளியே தூக்கிவருவதற்குள் ஒரு பகல் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய கையோடு மாற்றுச் சாவியைக் கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுத்தார்.

"உன்கிட்ட இருக்கட்டும்மா. அடுத்த தடவ விழுந்தா கதவாவது மிஞ்சும்."

ஆட்டு மந்தையில் ஒன்று தாண்டினால் மற்றதும் தாண்டும் என்பார்கள். ஒரு வருடத்துக்குள் பத்து சாவி சேர்ந்தது. பிறகு இருபத்து மூன்று. ஊருக்குப் போனவர்களின் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் சந்தேகம் வந்தவர்கள் போன் செய்தால் ஓடிப்போய்ப் பார்ப்பாள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு மாத்திரை கொடுப்பாள்.

நான் முப்பத்து நான்கு வருடம் அரசுப் பதிவறையில் இருந்தவன். கடைசிப் பதினோரு வருடம் அதன் மேற்பார்வையாளன். எனக்கு இது பிடிக்கவில்லை.

"நம்ம வீடு என்ன பூட்டுக்கடையா?" என்றேன்.

"பூட்டுக்கடைன்னா வரும்படி இருக்கும்ங்க. எனக்குப் போற வீட்டுல ஒரு டீ. அவ்வளவுதான்" என்றாள்.

ஒவ்வொரு சாவியிலும் அழுக்கு நூலில் ஒரு பட்டன் தொங்கும். கலர் கலராக, பெரிதும் சிறிதுமாக. என்ன இது குப்பை என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். "பேரு எழுதி வெச்சா திருடனுக்கு நாமளே விலாசம் குடுத்த மாதிரி ஆயிடும்" என்றாள். கேட்ட கேள்விக்கு இது பதிலா என்று நினைத்து விட்டுவிட்டேன். அவள் சொன்னதில் பாதியை நான் அப்படித்தான் விட்டிருக்கிறேன்.

துக்கம் விசாரிக்க வந்த அன்று, தெருச் சங்கச் செயலாளரான பல் டாக்டர் மெல்ல இழுத்தார். "ஞாயித்துக்கிழம அம்மாவுக்கு ஒரு நினைவுக் கூட்டம் வெச்சிருக்கோம் சார். அப்புறம்… அந்தச் சாவியெல்லாம்…"

"கூட்டத்துக்கு முன்னாடி ஒவ்வொண்ணும் உரியவங்க கையில இருக்கும். இது என் வாக்கு" என்றேன்.

எங்கள் குடும்பத்தில் வாக்கு கொடுத்தால் கொடுத்ததுதான். அன்றே வேலையில் இறங்கினேன். நூல்களைக் கத்தரித்தேன். பட்டன்களை ஒரு காலி பிஸ்கட் டப்பாவில் போட்டேன். பதிவறைக்காரன் எதையும் எறிய மாட்டான். சாவிகளை ஊறவைத்துத் தேய்த்து, ஒவ்வொன்றுக்கும் தகர வில்லையில் எண் அடித்து, ஒரு பலகையில் வரிசையாக மாட்டினேன். ஒன்று முதல் இருபத்து மூன்று வரை. பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

திங்கட்கிழமை காலை எதிர்வீட்டு நர்ஸ் வந்தாள். வேலை முடிந்து நேராக வந்திருந்தாள்.

"சார், என் சாவிய வார்டுலயே விட்டுட்டு வந்துட்டேன். அக்காகிட்ட குடுத்தத எடுத்துத் தர்றீங்களா?"

"எந்தச் சாவி?"

"வெள்ள பட்டன் சார். நாலு ஓட்ட. என் யூனிஃபார்ம்ல இருந்து அக்காதான் எடுத்தாங்க."

"பட்டனா?"

"சாவி குடுக்கறப்ப அந்த வீட்டுத் துணியில இருந்து ஒரு பட்டன் வாங்கிக் கட்டிடுவாங்களே. யார் வீட்டுதுன்னு அவங்களுக்கு மட்டும்தான் தெரியும். உங்ககிட்ட சொல்லலையா?"

பலகையைப் பார்த்தேன். இருபத்து மூன்று சாவிகளும் ஒரே மாதிரிப் பளபளத்தன. பதிவறையில் ஒருவன் எல்லாக் கோப்பின் தலைப்பையும் கிழித்து எறிந்துவிட்டு அட்டைகளைத் துடைத்து வைத்தால் அவனை நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

"சாவிகளை நேர்ல வந்து, பூட்டுல போட்டுச் சரிபார்த்துத் தர்றதா ஏற்பாடு. வாங்க" என்றேன்.

பலகையோடு தெருவைக் கடந்தேன். பதினான்காம் சாவிக்குக் கதவு திறந்தது. அதுவரை அவள் சுவரில் சாய்ந்து, தூங்கி விழாமல் நின்றாள்.

"அக்கா கண்ண மூடிட்டே எடுத்துக் குடுப்பாங்க" என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது.

அன்று முதல் ஒரு கையில் பலகையும் மறு கையில் பிஸ்கட் டப்பாவுமாக வீடு வீடாகப் போனேன். முப்பது வருடம் அந்தத் தெருவில் இருந்தும், அழைக்காத வீட்டு வாசலில் நான் நின்றதில்லை. எனக்கு அவர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் 'ரூல்தடி' என்று தெரியும். இரண்டாம் வீட்டிலேயே உள்ளிருந்து ஒரு குரல், "அம்மா, ரூல்தடி சார் வந்திருக்காரு!" என்றது. உடனே ஒரு அடி விழும் சத்தமும் கேட்டது.

எங்கும் ஒரே பேச்சுத்தான். "சரிபார்க்க வந்திருக்கேன்" என்பேன். டப்பாவை நீட்டுவேன். அவர்கள் தங்கள் பட்டனைப் பொறுக்கி எடுப்பார்கள். நான் பூட்டில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பேன். அந்த நேரத்தில் அவர்கள் பேசுவார்கள். நான் கேட்காமலே பேசினார்கள்.

தபால்காரருக்கு இப்போது எண்பத்தெட்டு. பித்தளைப் பட்டனை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"போன மாசம்கூட என் கால் நகத்த வெட்டி விட்டுச்சு" என்றார்.

என் கை நின்றது. "யாரு?"

"உங்க வீட்டம்மாதான். எனக்குக் குனிய முடியாதே. நீங்க கோச்சுக்குவீங்கன்னு நகவெட்டிய இங்கயே வெச்சிட்டுப் போகும்." ஜன்னல் விளிம்பைக் காட்டினார். "எடுத்துட்டுப் போறீங்களா?"

என் வீட்டுப் பெண் இன்னொருவர் காலைத் தொட்டாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "அங்கயே இருக்கட்டும்" என்றேன்.

அவள் பொருட்கள் தெரு முழுக்கக் கிடந்தன. தொலைந்ததாக நான் திட்டிய குடை கணக்கு டீச்சர் வீட்டுக் கொடியில் தொங்கியது. அவளுடைய இன்னொரு ஜோடிச் செருப்பு பேக்கரிக்காரர் வீட்டுப் பின்வாசலில் இருந்தது. என் வீட்டில் இருந்ததைவிட அவள் அந்த வீடுகளில் அதிகம் இருந்திருக்கிறாள் என்று தோன்றியது. அப்படி நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, ஒரு தட்டை எடுத்துக் கழுவி, ஒருவனாகச் சாப்பிட்டு, அதையே மறுபடி கழுவி வைப்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எப்படியும் யாராவது, 'சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் சார்' என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். மறுத்துச் சொல்ல ஒரு வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தேன். அதைச் சொல்ல யாரும் இடம் தரவில்லை. வாங்கினார்கள், நன்றி சொன்னார்கள், உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

பஸ் டிரைவரின் மனைவி மட்டும் கொஞ்சம் கூடப் பேசினாள். "இனிமே டீச்சரம்மாகிட்ட குடுக்கலாம்னு இருக்கோம் சார். அவங்க வீட்டுல எப்பவும் ஆள் இருக்கும்."

"எங்க வீட்டுலயும் ஆள் இருக்கு."

"நீங்க இருக்கீங்க சார்" என்றாள். பிறகு அவசரமாக, "அது வேற" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மாலைக்குள் இருபத்திரண்டு போய்ச் சேர்ந்தது. ஒரு சாவி மிஞ்சியது. டப்பாவில் ஒரு பட்டன் மிஞ்சியது. பெரிய பழுப்புப் பட்டன். தெருவில் சாவி கொடுத்தவர்கள் யாரும் அதை எடுக்கவில்லை. என் வீட்டுப் பூட்டிலும் போட்டுப் பார்த்தேன்; நுழையக்கூட இல்லை.

துணி விவகாரம் தெரிந்தவர் என்று முச்சந்தியில் இருக்கும் தையல்காரரிடம் போனேன். எட்டு வருடமாக நான் அவர் கடைப் படி ஏறவில்லை. அவர் தைத்த என் கோட்டில் ஒரு பட்டன் விழுந்துவிட்டது. அதுவும் நான் பணி ஓய்வு பெறும் நாளில். அத்தனை பேர் முன்னால் நடுப்பட்டன் இல்லாமல் நின்றேன். மறுநாள் அவர் கடைக்குப் போய், நாலு பேர் கேட்க, அவர் கைவேலையைப் பற்றிச் சொல்லக் கூடாததைச் சொன்னேன்.

தையல்காரர் பட்டனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது உங்க கோட்டுப் பட்டன் சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"என் குழந்தைய எனக்குத் தெரியாதா? இந்தப் பட்டன் ஆறுதான் வாங்கினேன். ஆறும் உங்களுக்குத்தான்." ஓட்டையில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய நூலை நகத்தால் தூக்கிக் காட்டினார். "இங்க பாருங்க. இது பிஞ்சு விழுந்த நூல் இல்ல. பிஞ்சா நுனி சிலும்பும். இது கத்தரியால வெட்டினது. அக்கா வெட்டி எடுத்திருக்காங்க."

நான் குனிந்து அந்த நூலைப் பார்த்தேன்.

"எட்டு வருஷமா என் தையல ஊர் பூரா விழுந்துபோச்சு விழுந்துபோச்சுன்னு சொல்லிட்டீங்களே சார்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கண் சிரிக்கவில்லை.

"உங்க தையல் நல்ல தையல்தான்" என்றேன். என் வாயிலிருந்து அதற்கு மேல் வராது என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். உட்கார்ந்தேன்.

அந்த வீட்டுத் துணியிலிருந்து ஒரு பட்டன். அதுதான் அவள் விதி. என் கோட்டிலிருந்து எடுத்த பட்டனை அவள் வேறு எந்த வீட்டுச் சாவியில் கட்டுவாள்?

எட்டு வருடம். நான் ஓய்வு பெறுவதற்குச் சரியாக ஒரு வாரம் முன்புதான் என் மகள் இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டிலிருந்து வந்தாள். திரும்பிப் போக மாட்டேன் என்றாள். கட்டிக்கொடுத்த பெண் வந்து உட்கார்ந்தால் ஊர் என்ன பேசும் என்று கேட்டேன். "நீ இருந்தா அங்க இருக்கணும், இங்க இல்ல" என்றேன். அவள் இரண்டு இடத்திலும் இருக்கவில்லை. நகரத்தின் மறுகோடியில் ஒரு வீடு பார்த்துப் போய்விட்டாள். மகளும் மாப்பிள்ளையும் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்று தெருவில் சொன்னேன். தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அவள் வந்தபோது, விமானத்தில் வந்து உடனே திரும்பிவிட்டாள் என்றேன். அவள் வந்ததும் போனதும் நாற்பதாம் நம்பர் பஸ்ஸில்.

என் மனைவி ஒவ்வொரு புதன்கிழமையும் மூன்று மணிக்குக் கிளம்புவாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் துணையிருக்கப் போகிறேன் என்பாள். கேட்டால் பதில் வரும். அதனால் நான் கேட்கவில்லை.

"என் மக…" என்று தையல்காரரிடம் தொடங்கினேன். "அவ வெளிநாட்டுல…"

"விடுங்க சார்" என்றார் அவர், பட்டனை என் கையில் வைத்து. "தெருவுக்கே தெரியும். அக்கா மொகத்துக்காகத்தான் யாரும் கேக்கல."

எட்டு வருடம் நான் காத்த மானத்தை உண்மையில் அவர்கள்தான் காத்திருக்கிறார்கள்.

போன் நோட்டின் கடைசிப் பக்கத்தில், பெயர் போடாமல், அவள் கையெழுத்தில் ஒரு விலாசம் இருந்தது. அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். மறுநாள் புதன்கிழமை. கோட்டைப் போட்டுக்கொண்டு மூன்று மணிக்குக் கிளம்பினேன். எல்லாச் சாவியும் உரியவரிடம் சேரும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதற்காகத்தான் போகிறேன் என்று பஸ்ஸில் எனக்கே இரண்டு முறை சொல்லிக்கொண்டேன்.

அச்சகத்துக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம். மாடியில் இரண்டாவது கதவு. பூட்டியிருந்தது. கையில் சாவி இருந்தது. ஆனால் வீட்டுக்காரர் இல்லாமல் ஒரு பூட்டிலும் நான் சாவியைப் போட்டதில்லை. படிக்கட்டில் இறங்கி நடுவில் நின்றேன். கீழ்வீட்டு அம்மாள் துணி மடித்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு வேணும்?"

"மாடி வீட்டுல…"

"அவ ஆபீஸ் விட்டு வர ஆறு மணி ஆகும். நீங்க யாரு?"

எட்டு வருடமாக யாரிடமும் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணோட அப்பா."

அவள் மடித்த துணியை அப்படியே மடியில் போட்டாள். "அப்பாவா? அவரு வெளிநாட்டுல இல்ல இருக்காரு!"

நான் கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டேன்.

"அவங்கம்மாதான் சொல்லுவாங்க. பெரிய உத்தியோகம், வர முடியல, வந்துடுவாரு வந்துடுவாருன்னு. எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான்."

"பெட்டி ஒண்ணும் காணோம்?"

"கொண்டு வரல" என்றேன்.

நான் மகளை அனுப்பிய அதே இடத்துக்கு என் மனைவி என்னையும் அனுப்பி வைத்திருக்கிறாள். அங்கே ஒரு பொய், இங்கே ஒரு பொய். இரண்டுக்கும் நடுவில் வாரம் ஒருமுறை நாற்பதாம் நம்பர் பஸ்ஸில் போய்வந்திருக்கிறாள்.

"மத்த நாள் பாப்பா ஸ்கூல் விட்டு எங்க வீட்டுக்குத்தான் வரும்" என்றாள் கீழ்வீட்டு அம்மாள். "புதன்கிழமை மட்டும் கூப்பிட்டாலும் வர மாட்டேங்குது. பாட்டி வர்ற நாளாம். படியிலயே உக்காந்துக்குது."

நாலரைக்கு அந்தக் குழந்தை வந்தாள். பத்து வயது. தோளில் பை. என்னைக் கண்டதும் நின்று, பிறகு எனக்கு இரண்டு படி கீழே, சுவரோரமாக உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இருவரும் அச்சகத்து இயந்திரம் ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். நிமிர்ந்த முதுகு. யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

என் கையைப் பார்த்தாள். "அது எங்க பாட்டி பட்டன்."

"என் பட்டன்" என்றேன்.

"அப்ப நீங்க வெளிநாட்டுத் தாத்தாவா?"

"ம்."

"கதவத் தெறங்க. பசிக்குது."

"வீட்டுக்காரங்க இல்லாம திறக்கக் கூடாது."

"நானும் வீட்டுக்காரிதான்" என்றாள்.

மேலே போனோம். சாவி ஒரே சுற்றில் திரும்பியது.

ஒரு அறை, ஒரு சமையலறை. ஜன்னலோரம் ஒரு நாற்காலி. அதன் கைப்பிடியில் ஒரு மூக்குக்கண்ணாடி மடித்து வைக்கப்பட்டிருந்தது. அது யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. நான் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. குழந்தை பிஸ்கட்டும் பாலும் தானே எடுத்துக்கொண்டு, எனக்கும் இரண்டு பிஸ்கட்டைத் தட்டில் வைத்துத் தள்ளினாள். பிறகு வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாள். நான் கதவோரம் நின்றபடி ஆறு மணி வரை இருந்தேன்.

மகள் வந்தாள். திறந்த கதவைப் பார்த்து ஒரு கணம் அவள் முகம் மலர்ந்தது. புதன்கிழமை, கதவு திறந்திருக்கிறது. யாரை எதிர்பார்த்து அந்த முகம் மலர்ந்தது என்று எனக்குப் புரிந்தது. என்னைக் கண்டதும் அது அணைந்தது. அந்த ஒரு கணத்தை நான் சாகும்வரை மறக்கப்போவதில்லை.

"என்ன விஷயம்?" என்றாள்.

"சாவிகளச் சரிபார்த்து உரியவங்களுக்குக் குடுத்துட்டு வரேன். இது இருபத்து மூணாவது."

"சரி. குடுங்க." கையை நீட்டினாள்.

இருபத்திரண்டு வீட்டில் தயங்காமல் கொடுத்தவன் நான். என் விரல்கள் விரியவில்லை.

"இன்னும் சரிபார்த்து முடியல" என்றேன்.

"தெறந்துச்சா?"

"திறந்துச்சு."

"பூட்டுதா?"

"பூட்டிப் பாக்கல."

"அப்ப பூட்டிப் பாத்துட்டுக் குடுங்க."

குழந்தை நோட்டிலிருந்து தலை நிமிர்த்தி எங்களைப் பார்த்தாள். என் மகள் நீட்டிய கையை எடுக்கவில்லை. அவள் அம்மாவின் கை அது. அதே சுண்டுவிரல் கோணல். மன்னிப்புக் கேட்கும் வார்த்தை எங்கள் வீட்டில் ஆண்கள் யாருக்கும் பழக்கமில்லை. எனக்குத் தெரிந்த ஒரே மொழியில் சொன்னேன்.

"ஒரு தடவ போட்டுப் பார்த்தா போதாது. சில பூட்டு ஒரு நாள் திறக்கும், அடுத்த நாள் மக்கர் பண்ணும். வர்ற புதன்கிழமையும் வந்து பாக்கறேன்."

அவள் கையைத் தாழ்த்தினாள். பையை மாட்டிவிட்டு, எனக்கு முதுகு காட்டி, அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

"பாப்பா நாலரைக்கு வந்துடுவா" என்றாள் சுவரைப் பார்த்து. "லேட்டாகக் கூடாது."

தேநீர் தரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. கிளம்பும்போது குழந்தைதான் கதவு வரை வந்தாள்.

வீட்டுக்கு வந்து என் பூட்டைத் திறந்தேன். உள்ளே காலையில் கழுவி வைத்த தட்டு அதே இடத்தில் இருந்தது. பலகையில் இருபத்து மூன்று ஆணிகள், எல்லாம் காலி. அவளுடைய தையல் டப்பாவை எடுத்து, ஊசி எதற்கு என்று யோசித்து, வெறும் நூலை மட்டும் எடுத்துக்கொண்டேன். சாவியிலிருந்து எண் அடித்த தகர வில்லையைக் கழற்றினேன். பட்டனின் ஓட்டையில் நூலைக் கோர்க்கவே நெடுநேரம் ஆயிற்று. சாவியோடு சேர்த்துப் போட்ட முடிச்சு கோணலாக வந்தது. அவிழ்த்துப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பல் டாக்டர் ஒன்று பாக்கியா என்று கேட்டால், அது என் மகள் வீட்டுச் சாவி என்று சொல்ல வேண்டும். வெளிநாடு இல்லை, நாற்பதாம் நம்பர் பஸ் என்றும் சொல்ல வேண்டும். அப்படியே சத்தமாக ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அந்த வீட்டில் அதைக் கேட்க யாரும் இல்லை.